ஒற்றை வாத்தியார் பள்ளிக்கூடம்

கண்ணுச்சாமி வாத்தியாருக்கு நாற்பது வயதிலேயே தொண்டை போய்விட்டது. வீட்டில் குடிக்கத் தண்ணீர் கேட்டால்கூட இரண்டு வீடு தள்ளிக் கேட்கும். மெதுவாகப் பேசினால் வெறும் காற்றுதான் வரும். “வீட்டுக்குள்ள எதுக்கு இந்தக் கூப்பாடு? நான் என்ன உங்க அஞ்சாம் வகுப்பா?” என்று மனைவி மலையம்மாள் கேலி செய்வாள். கேலி செய்துகொண்டே மிளகுத் தண்ணீரும் வைத்துக் கொடுப்பாள்.

அவர் பிறவியில் கத்துகிற மனிதர் அல்ல. அவரைக் கத்த வைத்தது ஒரு பள்ளிக்கூடம்.

வாடிப்பட்டிக்கு வடக்கே, சிறுமலையைப் பார்த்தபடி இருக்கிறது சின்னப்புங்கம்பட்டி. அங்கே ஓடு வேய்ந்த ஒரே கூடம்தான் பள்ளிக்கூடம். அந்தக் கூடத்துக்கு ஒரே கரும்பலகை. அதற்குள்ளேயே ஐந்து வகுப்புகள். அந்தக் காலத்தில் வசதியுள்ள ஒருவர் இப்படி ஒரு பள்ளிக்கூடத்தைத் தொடங்கினால் வாத்தியார் சம்பளத்துக்குச் சர்க்கார் கிராண்டு கொடுக்கும். கிராண்டை வாங்குகிறவருக்கு மானேஜர் என்று பெயர். சின்னப்புங்கம்பட்டியின் மானேஜர் நல்லகாமன். ஆற்றுப் பாசனத்தில் நல்ல நிலம் உள்ளவர், ஒரு வகையில் கண்ணுச்சாமிக்கு மாமன் முறை.

முதலில் அங்கே இரண்டு ஆசிரியர்கள் இருந்தார்கள். பெரிய வகுப்புகளுக்குக் கண்ணுச்சாமி. சின்ன வகுப்புகளுக்கு ராமக்காள் என்ற இளம் விதவை. மதுரையில் டிரெயினிங் படித்துவிட்டு வந்தவள். அவள் நாற்காலியில் உட்கார்ந்து யாரும் பார்த்ததில்லை. தரையில் மணலைப் பரப்பிக் குழந்தைகளுக்கு நடுவே உட்காருவாள். ஒவ்வொரு குழந்தையின் விரலையும் பிடித்து மணலில் எழுத்தை இழுக்க வைப்பாள். யார் மூக்கு ஒழுகுகிறது, யார் காலையில் கஞ்சி குடிக்காமல் வந்திருக்கிறார்கள் என்பதெல்லாம் அவளுக்குத் தெரியும்.

அந்த மணலில் கடைசியாக விரல் வைத்தவள் செல்லக்கிளி.

கூலிக்குக் களையெடுக்கும் இருளாயியின் ஒரே மகள் செல்லக்கிளி. புருஷனைக் காலராவுக்குக் கொடுத்துவிட்டு, அந்த ஒரு பிள்ளையை வைத்துக்கொண்டு பிழைத்தவள் இருளாயி. அவர்கள் தெருவிலிருந்து ஒரு பெண் பிள்ளை பள்ளிக்கூடத்துக்கு வருவது அதுவே முதல் தடவை. சேர்க்க வந்த அன்று இருளாயி வாசலுக்கு வெளியே நின்றுகொண்டு சொன்னாள்:

“டீச்சரம்மா, இவளும் உங்களாட்டம் ஆகணும். வெள்ளச் சீலை உடுத்தச் சொல்லல, சாமி. வெயில்ல நிக்காம சம்பளம் வாங்கணும். அம்புட்டுத்தேன்.”

ராமக்காள் சிரித்துவிட்டாள். “வெள்ளைச் சீலை எனக்கே பிடிக்கலை, இருளாயி. உள்ளே அனுப்பு.”

செல்லக்கிளி மணலில் எழுத்துப் பழகியது சில வாரங்கள்தான். ஆயிரத்துத் தொள்ளாயிரத்து முப்பத்தொன்றில் நெல் விலை விழுந்தது. சர்க்கார் எல்லாவற்றிலும் கை வைத்தது. சின்னப்புங்கம்பட்டியின் கிராண்டும் குறைந்தது. நல்லகாமன் ஒரு காலையில் குடையை ஊன்றிக்கொண்டு வந்து நின்றார்.

“மாப்ள, இனி ஒத்த வாத்தியாருக்குத்தான் கிராண்டு. அந்தப் பொம்பளையைப் போகச் சொல்லிரு.”

“மாமா, பிள்ளைக எண்பதைத் தாண்டிருச்சு. நான் ஒருத்தன் எப்படிப் பார்க்கிறது?”

“எண்பது ஆட்டை ஒரு சின்னப் பய மேய்க்கிறான். நீ டிரெயினிங் படிச்சவன், மேய்க்க மாட்டியா?” என்று சிரித்துவிட்டு, குரலைத் தாழ்த்தினார். “பிள்ளைகளைக் குறைச்சிராதடா. ஆஜர் குறைஞ்சா இருக்கிற கிராண்டும் போயிரும்.”

ராமக்காள் மதுரைக்குப் போனாள். வண்டி ஏறும்போது அவள் அழவில்லை; குழந்தைகள்தான் அழுதார்கள். மணல் சில நாள் அப்படியே கிடந்தது. பிறகு கோழிகள் கிளறிவிட்டன.

*

ஒரு மனிதனுக்கு இரண்டு கண், இரண்டு காது, ஒரு வாய். எண்பது குழந்தைகளுக்கு முன்னால் அவை எந்த மூலைக்குக் காணும்? ஐந்தாம் வகுப்புக்குக் கணக்குப் போட்டால் இரண்டாம் வகுப்பு அடித்துக்கொள்ளும். இரண்டாம் வகுப்பை அதட்டினால் ஒன்றாம் வகுப்பு வாசலைத் தாண்டி ஓடும். கண்ணுச்சாமி யோசித்து யோசித்து, கடைசியில் அந்தக் காலத்து வாத்தியார்கள் எல்லோரும் செய்ததையே செய்தார். ஒரு பிள்ளை முன்னால் சொல்ல வேண்டும், மற்றப் பிள்ளைகள் சேர்ந்து பின்னால் சொல்ல வேண்டும். முன்னால் சொல்கிற பிள்ளைக்குச் சட்டாம்பிள்ளை என்று பெயர்.

செல்லக்கிளியின் ஞாபகசக்தி ஊருக்கே அதிசயம். ஒரு பாடத்தை அவர் ஒரு தடவை வாசித்தால் போதும். நிறுத்துகிற இடத்தில் நிறுத்தி, இழுக்கிற இடத்தில் இழுத்து அப்படியே சொல்லுவாள். குரலோ வெண்கல மணி. இரண்டாம் வகுப்புக்கு வந்ததுமே அவளைச் சட்டாம்பிள்ளை ஆக்கினார். சின்ன வகுப்புகளை வெளியே புங்கமரத்தடிக்கு ஓட்டிவிட்டு, கையில் ஒரு குச்சியைக் கொடுத்து அவளை முன்னால் நிறுத்தினார்.

“மழை பெய்தது” என்பாள் செல்லக்கிளி.

“மழை பெய்தது!” என்று மரத்தடி அதிரும்.

“குளம் நிறைந்தது.”

“குளம் நிறைந்தது!”

மரத்தடியில் கரும்பலகை இல்லை. அங்கே உட்கார்ந்த பிள்ளைகளிடம் சிலேட்டும் இல்லை. கூடத்துக்குள்ளே பாடம் நடத்திக்கொண்டே வாத்தியார் வெளியே ஒரு காதை வைத்திருப்பார். சத்தம் ஒழுங்காக வந்தால் படிப்பு ஒழுங்காக நடக்கிறது என்று அர்த்தம். அந்த வழியாகப் போகிற நல்லகாமனும் நின்று கேட்டுவிட்டு, “பாத்தியா மாப்ள, ஒரு கிராண்டுல ரெண்டு வாத்தியார்!” என்று முதுகில் தட்டிவிட்டுப் போவார்.

இரண்டாம் வகுப்பு முடிந்து மூன்று, மூன்று முடிந்து நான்கு. செல்லக்கிளி மரத்தடியை விட்டு உள்ளே வரவில்லை. பாடம் சொல்லிக்கொடுக்கிறவளிடம் யாராவது பாடம் கேட்பார்களா? பரீட்சை நேரத்திலும் அவள்தான் சின்னப் பிள்ளைகளை வரிசையில் நிறுத்தினாள். அவர் எப்போதாவது உள்ளே கூப்பிட்டு, அடுத்த பாடத்தை வாசித்துக் காட்டுவார். அவள் கேட்டுக்கொண்டு ஓடிவிடுவாள். அப்படி ஓடும்போது வாசல்படியில் இடறி விழுவாள். “கண்ணு எங்கடி இருக்கு?” என்று சிரிப்பாரே தவிர, அந்தக் கேள்விக்குப் பதில் என்ன என்று நின்று பார்க்க அவருக்கு நேரமில்லை. அவளுக்குப் பின்னால் எண்பது பேர் இருந்தார்கள்.

முப்பத்துநான்காம் வருஷம் ஒரு நல்ல செய்தி வந்தது. கூலிக்காரர் வீட்டுப் பெண் பிள்ளைகளில் நன்றாக வாசிக்கிற ஒருத்தியைப் பள்ளிக்கூட இன்ஸ்பெக்டர் தேர்ந்தெடுப்பார். அவளை மதுரையில் ஒரு பெண்கள் பள்ளிக்கூடத்தில் விடுதியோடு சேர்த்துக்கொள்வார்கள். சோறு, துணி, படிப்பு எல்லாம் இனாம். முடித்தால் டிரெயினிங், பிறகு டீச்சர் வேலை.

கண்ணுச்சாமி அன்று மாலையே இருளாயியின் குடிசைக்குப் போனார். வாத்தியார் தங்கள் தெருவுக்குள் வருவதைப் பார்த்து அவள் பதறி எழுந்தாள்.

“என்னங்கய்யா, எம்புள்ள எதுவும் தப்புத்தண்டா பண்ணிருச்சா?”

“உன் பிள்ளை டீச்சராகப் போகுது, இருளாயி.”

அவள் நம்பவில்லை. அவர் விளக்கிச் சொன்னார். சொல்லச் சொல்ல அவள் முகத்தில் ஓடிய வெளிச்சத்தை நான் எந்த வார்த்தையில் எழுதுவேன்! பத்து வருஷம் வெயிலில் கருகிய முகம் அது.

“இன்ஸ்பெட்டரு கேக்குறதுக்கு இவ சொல்லிருவாளா அய்யா?”

“இவளா? இவ சொல்லித்தான் மத்த பிள்ளைகளே படிக்குது. எங்கிட்ட விட்டுட்டு நிம்மதியா இரு. நான் பாத்துக்கிறேன்.”

அவர் அந்த வார்த்தையை மனப்பூர்வமாகத்தான் சொன்னார். அவருக்கு இன்னொரு கணக்கும் இருந்தது. இந்தப் பிள்ளை தேர்வானால் பள்ளிக்கூடத்துக்கு நல்ல பெயர் வரும். அந்த நல்ல பெயரை வைத்து இன்ஸ்பெக்டரிடம் இரண்டாவது வாத்தியார் கேட்கலாம்.

*

இன்ஸ்பெக்டர் வந்த அன்று இருளாயி வேலைக்குப் போகவில்லை. ஜன்னலுக்கு வெளியே கையைக் கட்டிக்கொண்டு நின்றாள். செல்லக்கிளிக்கு எண்ணெய் வைத்து இறுக்கப் பின்னி, கனகாம்பரம் சூட்டியிருந்தாள்.

இன்ஸ்பெக்டர் தலைப்பாகையும் கோட்டுமாக இருந்தார். கெட்ட மனிதர் அல்ல. புத்தகத்தை அவள் கையில் கொடுத்து, “நாலாம் பாடம் வாசி அம்மா” என்றார்.

செல்லக்கிளி புத்தகத்தை நெஞ்சுக்கு நேரே பிடித்துக்கொண்டாள். வெண்கல மணி ஒலிக்கத் தொடங்கியது. ஒரு பிசிறில்லை, ஒரு தடுமாற்றமில்லை. கூடமே மூச்சைப் பிடித்துக்கொண்டு கேட்டது. இன்ஸ்பெக்டரின் முகம் மலர்ந்தது. நல்லகாமன் மீசையைத் தடவிக்கொண்டார்.

“பேஷ்! இத்தனை சின்ன ஊரில் இப்படி ஒரு வாசிப்பா! சரி, கடைசிப் பாடத்தைக் கொஞ்சம் வாசி.”

கடைசிப் பாடத்தை வாத்தியார் இன்னும் நடத்தவில்லை. அதனால் என்ன, வாசிக்கத் தெரிந்த பிள்ளைதானே என்று அவர் நினைத்தார். இன்ஸ்பெக்டரே பக்கத்தைப் புரட்டிக் கொடுத்தார்.

செல்லக்கிளி வாயைத் திறக்கவில்லை.

“வாசி அம்மா.”

கனகாம்பரம் மட்டும் லேசாக நடுங்கியது. கண்ணுச்சாமிக்குப் பொறுக்கவில்லை. பழக்க தோஷம், பக்கத்தை எட்டிப் பார்த்து, “ஒரு ஊரில் ஒரு வணிகன்” என்று எடுத்துக் கொடுத்தார்.

“ஒரு ஊரில் ஒரு வணிகன்” என்றாள் செல்லக்கிளி, மணி போல. பிறகு அவர் முகம் இருந்த திசையைப் பார்த்துக் காத்திருந்தாள்.

இன்ஸ்பெக்டர் கையை உயர்த்தினார். “வாத்தியார் பேச வேண்டாம்.” பிறகு குனிந்து, ஒரு எழுத்தின் மேல் விரலை வைத்தார். “இது என்ன எழுத்து?”

அவள் புத்தகத்தை மூக்கு இடிக்கும் அளவுக்குக் கிட்டே கொண்டுபோனாள். வெகுநேரம் பார்த்தாள்.

“தெரியலைங்க.”

“இது?”

“தெரியலைங்க.”

இன்ஸ்பெக்டர் நிமிர்ந்தார். கரும்பலகையைக் காட்டினார். “அங்கே என்ன எழுதியிருக்கிறது? எழுத்து தெரியாவிட்டாலும் பரவாயில்லை. எத்தனை வரி இருக்கிறது, சொல்.”

“எங்கங்க?” என்று கேட்டாள் அந்தக் குழந்தை.

ஐயோ! அந்த ஒரு வார்த்தையில் கண்ணுச்சாமி வாத்தியாரின் நெஞ்சு வெடித்துவிட்டது. நாலு வருஷமாக அந்தப் பலகை அவள் கண்ணுக்கு ஒரு கருப்புப் புகை. ராமக்காள் விரலைப் பிடித்து மணலில் இழுத்தபோது கிட்டே தெரிந்த நாலைந்து எழுத்துக்களும் எப்போதோ அழிந்து போயிருந்தன.

“ஏன்டி, ஏன் எங்கிட்டச் சொல்லலை?” என்று அவர் கத்தினார்.

அவளுக்கு அவர் எதற்காகக் கத்துகிறார் என்றே புரியவில்லை. “படிக்கிறதுன்னா கேட்டுச் சொல்றதுதானே அய்யா? நீங்க சொன்னதையெல்லாம் நான் சொல்லிட்டனே!” என்றாள். சொல்லிவிட்டுத்தான் அழத் தொடங்கினாள்.

இன்ஸ்பெக்டர் மரத்தடிப் பிள்ளைகளையும் ஒவ்வொருவராகக் கூப்பிட்டார். எல்லோருக்கும் பாடம் தெரிந்தது. ஒருவருக்கும் எழுத்து தெரியவில்லை. அவர் போகும்போது நல்லகாமனிடம் சொன்னார்: “பலன் இப்படி இருந்தால் இருக்கிற கிராண்டைத் தொடரச் சொல்லவே நான் யோசிக்க வேண்டும். இரண்டாவது வாத்தியாருக்கு எப்படி எழுதுவது?”

கண்ணுச்சாமி ஓடிப் போய் வழி மறித்தார். “ஐயா, இரண்டாவது வாத்தியார் இல்லாததால்தான் ஐயா இந்தப் பலன்!”

“அதை எழுத என் ரிப்போர்ட்டில் இடமில்லையே” என்றார் அவர், வருத்தத்தோடுதான்.

ஜன்னலோரம் இருளாயி அப்படியே நின்றுகொண்டிருந்தாள். மகள் வெளியே வந்ததும் அடிக்கவில்லை, திட்டவில்லை. முந்தானையால் அவள் முகத்தைத் துடைத்தாள். துடைத்துக்கொண்டே, அன்றுதான் முதல் தடவையாகப் பார்ப்பவளைப் போல அவள் கண்களையே பார்த்தாள். விடியுமுன் போய் இருட்டியபின் வருகிற தாய் அவள். பிள்ளையின் முகத்தைப் பகலில் பார்த்ததே குறைவு.

*

கண்ணுச்சாமி அந்த வாரமே இருவரையும் ரயிலேற்றி மதுரைக்குக் கூட்டிப்போனார். டாக்டர் பார்த்துவிட்டு, “கண்ணில் நோய் ஒன்றுமில்லை. கிட்டப்பார்வை. கண்ணாடி போட்டால் தீர்ந்தது” என்றார். இவ்வளவுதானா! இவ்வளவுக்காகவா! வாத்தியார் ஆஸ்பத்திரி வாசலில் உட்கார்ந்து தலையில் அடித்துக்கொண்டார்.

கண்ணாடி வந்தது. அதைப் போட்டுக்கொண்டு வாடிப்பட்டி ஸ்டேஷனில் இறங்கிய செல்லக்கிளி அசையாமல் நின்றுவிட்டாள். எதிரே சிறுமலை.

“அம்மா, மலையில மரம் இருக்கு!”

“இருக்காம? மலைன்னா மரந்தேன்.”

“தனித்தனியா இருக்கு அம்மா. ஒவ்வொண்ணும் தனித்தனியா இருக்கு!”

மூன்று பேரும் வழி நெடுக அழுதுகொண்டும் சிரித்துக்கொண்டும் போனார்கள். அடுத்த வருஷமும் இன்ஸ்பெக்டர் ஒரு பிள்ளையைத் தேர்ந்தெடுப்பார் என்று வாத்தியார் சொன்னார். அதற்குள் எழுத்தெல்லாம் கற்றுவிடலாம். “நாளையிலிருந்து என் நாற்காலிக்குப் பக்கத்திலேயே உட்காரு. உனக்கு நான் தனியாக எழுத்துச் சொல்லித் தருவேன். நான் பாத்துக்கிறேன், இருளாயி.”

மறுநாள் செல்லக்கிளி நாற்காலிக்குப் பக்கத்தில் உட்கார்ந்தாள். பதினொரு வயதுப் பெண் மடியில் சிலேட்டை வைத்து அகரத்தை வளைக்கிறாள்! நேற்றுவரை அவள் குச்சிக்குப் பயந்திருந்த பொடிசுகள் ஜன்னலில் தொற்றிக்கொண்டு சிரித்தன.

“ஏலேய், சட்டாம்பிள்ளையம்மா ‘அ’ படிக்குதுடா!”

“கண்ணாடி மாட்டுன கழுதைக்கு ‘அ’ தெரியலடா!”

அவள் பல்லைக் கடித்துக்கொண்டு எழுதினாள். இரண்டு எழுத்து எழுதியிருப்பாள். சட்டாம்பிள்ளை இல்லாத மரத்தடியில் கலவரம் மூண்டது. ஒருவன் மண்டை உடைந்தது. நான்காம் வகுப்பு வேடிக்கை பார்க்க ஓடியது. ஐந்தாம் வகுப்புக்குப் பலகையில் பாதிக் கணக்கு நின்றது. வாத்தியார் இங்கும் அங்கும் ஓடி, குரல் உடைந்து, வேர்த்து விறுவிறுத்துத் திரும்பி வந்தார். அவளைப் பார்த்தார். பார்வையைத் தாழ்த்திக்கொண்டார்.

“செல்லக்கிளி... இன்னைக்கு ஒரு நாள் மட்டும். போய் அதுகளைச் சொல்ல வையம்மா.”

அவள் சிலேட்டைக் கீழே வைத்தாள். எழுந்து போனாள். மரத்தடியில் நின்று, “மழை பெய்தது” என்றாள்.

“மழை பெய்தது!”

முதல் தடவையாக அந்த முகங்கள் அவளுக்குத் தெளிவாகத் தெரிந்தன. தான் சொன்னதைச் சொல்லிக்கொண்டு, எதையும் அறியாமல் தன்னையே பார்த்துக்கொண்டிருக்கிற முகங்கள். “குளம்” என்றவள் நின்றுவிட்டாள். அவர்களும் “குளம்!” என்று நின்றார்கள். அவள் கன்னத்தில் நீர் வழிந்தது. குச்சியை மரத்தின்மேல் சாய்த்து வைத்துவிட்டு, வீட்டைப் பார்த்து நடந்தாள்.

அதற்குப் பிறகு அவள் வரவில்லை. வாத்தியார் குடிசைக்குப் போய்க் கூப்பிட்டார். சாயந்திரம் வீட்டுக்கே வந்து சொல்லித் தருவதாகக் கெஞ்சினார்.

“சாயந்தரம் உங்க தொண்டையில சத்தம் இருக்குமா அய்யா?” என்று கேட்டாள் இருளாயி. கோபமே இல்லை அவள் குரலில். “உங்க மேல குத்தமில்ல. எம்புள்ள கத்துனது போதும். நாளைக்கு என்னோட களையெடுக்க வாரா. களைக்கும் பயிருக்கும் வித்தியாசம் தெரியுதுங்குறா. கண்ணாடிக்கு அம்புட்டாச்சும் பிரயோசனம்.”

*

யுத்தம் முடிந்த வருஷம். கண்ணுச்சாமிக்கு முடி நரைத்திருந்தது. நல்லகாமன் காலமாகி அவர் மகன் மானேஜராகியிருந்தான். மற்றபடி அதே கூடம், அதே பலகை.

ஒரு காலையில் வாசலில் ஒரு பெண் நின்றாள். இடுப்பில் கையை வைத்து, கண்ணை இடுக்கி, உள்ளே யார் என்று பார்க்க முயன்றாள். கொட்டாம்பட்டிப் பக்கம் வாழ்க்கைப்பட்டு, புருஷனோடு பிழைப்புத் தேடி ஊர் திரும்பியிருந்த செல்லக்கிளி. கண்ணாடி போட்ட பெண் வேண்டாம் என்று மாப்பிள்ளை வீட்டார் சொன்னதால் கல்யாணத்துக்கு முன்னேயே அதைக் கழற்றியாயிற்று. கையைப் பிடித்துக்கொண்டு ஆறு வயதில் ஒரு பெண் குழந்தை.

“வாம்மா, வா! யாரு, உன் மகளா?”

“ஆமாங்கய்யா. சேத்துவிடலாமுன்னு...” அவள் உள்ளேயிருந்து வரும் இரைச்சலைக் காது கொடுத்துக் கேட்டாள். “எம்புட்டுப் பிள்ளைக இருக்கும்?”

“தொண்ணூறுக்கு மேல.”

“இன்னொரு டீச்சரம்மா வந்துருக்காகளா?”

பொய் சொல்ல ஒரு கணம் அவர் வாய் துடித்தது. “இல்லம்மா” என்றார்.

செல்லக்கிளி குழந்தையின் தலையை வருடினாள். “கெட்டிக்காரி அய்யா இவ. ஒருவாட்டி காதுல விழுந்தாப் போதும், அப்பிடியே திருப்பிச் சொல்லிருவா.” கொஞ்சம் நிறுத்தினாள். “அதேன் பயமா இருக்கு.”

“விட்டுட்டுப் போம்மா. நான் பாத்துக்கிறேன்.”

“அப்பவும் நல்ல மனசோடதேன் சொன்னீக” என்றாள் அவள். குனிந்து அவர் காலைத் தொட்டுக் கும்பிட்டாள். பிறகு மகளின் கையைப் பிடித்துக்கொண்டு திரும்பி நடந்தாள்.

வாத்தியார் கூப்பிட நினைத்தார். குரல் வரவில்லை. உள்ளே ஒரு சட்டாம்பிள்ளை வாய்ப்பாட்டைத் தொடங்கியிருந்தான். “ஈரெண்டு நாலு!” என்று கூடம் முழங்கியது. புழுதிப் பாதையில் போய்க்கொண்டிருந்த அந்தச் சின்னப் பெண் தலையைத் திருப்பி, “ஈரெண்டு நாலு” என்றாள், மணி போல. “ஈர்மூணு ஆறு” என்றது கூடம். “ஈர்மூணு ஆறு” என்றாள்.

செல்லக்கிளி பாதையிலேயே மண்டியிட்டு, மகளின் வாயைத் தன் கையால் பொத்தினாள்.